ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு நாள்

மூன்று மலை மண்டப அறக்கட்டளை கணினிமயமான நாளிலிருந்து அதன் மண்டபங்களில் காலை நேரத்தில் எதுவும் ஒழுங்காக நடந்ததாகத் தகவல் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அறக்கட்டளையே தன் ஆண்டறிக்கையில் இதைச் சாதனையாக அச்சிட்டிருந்தது. "காலை நேர நிகழ்வுகளின்போது எழுந்த தகராறுகள்: பூச்சியம்." நிகழ்வு நடந்தால்தானே தகராறு எழுவதற்கு.

ஒக்லாந்து நகரத்தில் மவுண்ட் ரோஸ்கிலில் ஒன்று, மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒன்று, மவுண்ட் வெல்லிங்டனில் ஒன்று என்று அறக்கட்டளைக்கு மூன்று மண்டபங்கள். மூன்றையும் பார்த்துக்கொள்ளப் பத்தொன்பது அலுவலர்கள். மண்டபத்தைக் கூட்டித் துடைப்பவர் இந்தத் தொகையில் இல்லை. அவருக்கு வேலை இருப்பதால் அவரை அலுவலர் என்று கொள்வதில்லை. பத்தொன்பது பேரும் காலை ஒன்பது மணிக்கு ஒரு கூட்டம் போடுவார்கள். கூட்டம் சுருக்கமாக முடிய வேண்டும் என்பதற்காக எல்லோரும் நின்றுகொண்டே பேச வேண்டும் என்பது விதி. உட்காரச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று விதியில் எழுதப்படாததால் பத்தரை வரை நிற்பார்கள். பத்தரைக்குத் தேநீர். அதன் பிறகு, சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள்களை இடமிருந்து வலமாக ஒரு விரற்கடை நகர்த்துவார்கள். வலது ஓரத்தை அடைந்த தாள் முடிந்த வேலை. சில தாள்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் பசை காய்ந்து தாமாகவே விழுந்துவிடும். அவையும் முடிந்த வேலைதான்.

செல்வரத்தினத்துக்கு இதெல்லாம் தெரியாது. அவர் மவுண்ட் ரோஸ்கிலில் குடியிருப்பவர், வயது அறுபத்தொன்று, தொழில் பஸ் ஓட்டுவது. அந்தத் தொழிலில் பிந்தினால் மன்னிப்பு உண்டு, முந்தினால் கிடையாது. ஒரு நிமிடம் முந்தி வந்துவிட்டால்கூடத் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு நேரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் அப்படிக் காத்திருந்து பழகியவர், தன் மகளின் கலியாணம் குறித்த நாளுக்கு முன்னால் ஓடிப்போகும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

மகள் கஜந்தினிக்கும் திலக்சனுக்கும் கலியாணம். ஐயர் நாள் வைத்துக் கொடுத்திருந்தார்: பிப்ரவரி எட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது பத்திலிருந்து பத்து இருபத்தைந்துக்குள். ஐயர் இதில் கவனமானவர். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தில் உள்ள நேரத்தை அப்படியே எடுக்க மாட்டார். ஒக்லாந்தில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கிறது என்று பார்த்து, பென்சிலால் கூட்டிக் கழித்து, இரண்டாம் தரமும் சரிபார்த்துத்தான் சொல்லுவார். மண்டபத்தின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு அழைப்பிதழ் நானூறு அடித்தாயிற்று. ரொறன்ரோவிலிருந்து பெரியப்பா குடும்பம், பாரிசிலிருந்து சித்தி, சிட்னியிலிருந்து ஒரு பட்டாளம், எல்லோரும் விமானச் சீட்டு எடுத்தாயிற்று. பாக்கி இருந்தது மண்டபம் ஒன்றுதான். அதற்கு அறக்கட்டளையின் இணையத்தளம் இருந்தது. அதன் பெயர் ஹோல்மேட்.

அக்டோபர் மாதத்து ஒரு விடுமுறை நாளில் செல்வரத்தினம் ஹோல்மேட்டின் முன் அமர்ந்தார். முதலில் அது அவர் மனிதரா என்று கேட்டது. ஆம் என்றார். நிரூபிக்கச் சொன்னது. ஒன்பது படங்களைக் காட்டி, மலை இருக்கும் படங்களைத் தொடச் சொன்னது. அதில் ஒன்று மவுண்ட் ரோஸ்கில். சமையலறை யன்னலைத் திறந்தால் தெரிகிற மலை. தொட்டார். தவறு என்றது. அந்த யந்திரத்தின் கணிப்பில் அது மேடு. பெயருக்கு முன்னால் உள்ள முதலெழுத்தை ஏற்க மறுத்தது. யாருடைய பெயரும் ஒரே எழுத்தில் இருக்க முடியாதாம். எல்லாவற்றையும் நிரப்பி முடித்தபோது, நீங்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டீர்கள், உங்கள் பாதுகாப்புக்காக அனைத்தையும் அழித்துவிட்டோம் என்றது. நாலாம் தரம் நிரப்பும்போது மனைவி ரதிதேவி பக்கத்திலிருந்து ஒவ்வொரு விடையாக வாசிக்க, அவர் அடிக்க, பிரசவம் பார்த்ததுபோல ஒருவழியாக முடிந்தது. மண்டபம்: மவுண்ட் ரோஸ்கில். நிகழ்வு: திருமணம். நாள்: பிப்ரவரி எட்டு. நேரம்: காலை ஏழு முதல் பிற்பகல் இரண்டு.

உடனே மின்னஞ்சல் வந்தது. "மகிழ்ச்சியான செய்தி! உங்கள் திருமணம் பிப்ரவரி ஏழு, சனிக்கிழமை."

ரதிதேவி அவருடைய விரலைப் பார்த்தார். ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல், பக்கத்துக் கட்டத்தில் பட்டிருக்கும் என்று அன்றைக்கு முடிவாயிற்று.

மறுநாள் அவர் அறக்கட்டளைக்குத் தொலைபேசினார். நாற்பது நிமிடப் பாட்டுக்குப் பிறகு கிடைத்தவர் மீனாட்சி. மதுரைக்காரப் பெண், உதவி மேசையில் இருப்பவர், குரலில் உண்மையான இரக்கம் உள்ளவர். அவர் விதியை விளக்கினார். வாடிக்கையாளரின் நாளை மாற்ற எந்த அலுவலருக்கும் அனுமதி இல்லை. வாடிக்கையாளரும் ஒருமுறைதான் நாளைத் தெரிவு செய்யலாம். பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம்தான். ஆனால் திருமணத்தை நீக்கிய இணையின் பெயரில் தொண்ணூறு நாட்களுக்கு வேறு பதிவு செய்ய முடியாது. மனம் மாறியவர்கள் நிதானமாகச் சிந்திப்பதற்கு அறக்கட்டளை தரும் அவகாசம் அது. இப்போதைக்குத் தன்னால் முடிந்தது, பதிவைத் திறந்து, "நாள் தவறு என்று வாடிக்கையாளர் கூறுகிறார்" என்று ஒரு குறிப்பு எழுதிச் சேமிப்பது. செய்தார்.

அடுத்த நிமிடம் மின்னஞ்சல் வந்தது. "மகிழ்ச்சியான செய்தி! உங்கள் திருமணம் பிப்ரவரி ஆறு, வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை பொது விடுமுறை. அன்றைக்கு மண்டபம் திறப்பதில்லை என்று அதே மின்னஞ்சலின் அடியில் இருந்தது.

செல்வரத்தினம் பஸ்ஸுக்கு விடுப்புப் போட்டுவிட்டு மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அலுவலகத்துக்கு நேரே போனார். மீனாட்சி எழுந்து நின்று வரவேற்று, பதிவைத் திறந்து, "வாடிக்கையாளர் நேரில் வந்தார்" என்று குறிப்பெழுதிச் சேமித்தார். இருவர் கண்ணுக்கும் முன்னால் ஆறு ஐந்தாயிற்று.

"சார், நான் தேதியத் தொடவே இல்ல சார். நோட் மட்டும்தான் போட்டேன். நீங்களே பாத்தீங்கல்ல?"

"நீர் தொடேல்லைப் பிள்ளை. அது தானாப் போகுது."

"ஆமா சார். போகுது." மீனாட்சி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது ரொம்ப சீரியஸ் சார். இத ஒரு நோட்டாப் போட்டு மேல அனுப்பிடறேன்."

"வேண்டாம், வேண்டாம்" என்று செல்வரத்தினம் கையை நீட்டுவதற்குள் போட்டுவிட்டார். நாலு.

பஸ்ஸில் பயணியாக வீடு திரும்பும்போது அவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த வேகத்தில் இன்னும் நாற்பது தரம் குறை சொன்னால் கலியாணம் புது வருடத்தைத் தாண்டிக் கிறிஸ்துமஸ் பக்கம் போய்விடும். அதற்கு மேலும் போனால் பெண்பார்க்கப் போன நாளுக்கு முன்னால்.

மாப்பிள்ளை திலக்சன் நகரத்தில் ஒரு நிறுவனத்தில் இணையத்தளம் கட்டுகிறவன். எட்டு வயதில் இங்கே வந்தவன், தமிழைத் தாயிடம் கேட்டு வைத்திருப்பவன். அன்று பின்னேரம் வந்து, மின்னஞ்சல்கள் நாலையும் வரிசையாகப் பார்த்துவிட்டுச் சிரித்தான். தொழில்காரர் சிரிக்கிற சிரிப்பு. அடுத்தவன் குழாய் ஒழுகும்போது குழாய்காரர் சிரிப்பது மாதிரி.

"மாமா, இது எல்லாருக்கும் வாறதுதான். கொம்பியூட்டர் நாளை லண்டன் நேரத்தில எழுதி வைக்குது. எங்கட ஞாயிறு காலமை ஏழு மணி, அங்க சனி பின்னேரம் ஆறு மணி. பிறகு மணியை வெட்டி எறிஞ்சுபோட்டு நாளை மட்டும் வைக்குது. அப்ப சனி. அடுத்தாள் திறக்கேக்க அந்தச் சனியை எங்கட சனி எண்டு நினைச்சு எடுக்கும். சேவ் பண்ணேக்க திரும்பவும் லண்டனுக்கு மாத்தும். அப்ப வெள்ளி."

ரதிதேவி தேங்காய் துருவுவதை நிறுத்தினார். "வெள்ளைக்காரன் எங்களை விட்டுட்டுப் போய் எவ்வளவு காலம். இன்னும் அவன்ர மணிக்கே தம்பி தாலி கட்ட வேணும்?"

"பின்னேரம் எண்டா ஒரு பிரச்சினையும் இல்லை மாமி. இஞ்ச ஒரு மணி தாண்டினா லண்டனிலயும் அதே நாள்தான். காலமை புக் பண்ணினாத்தான் பின்னால போகும்."

அப்போதுதான் விளங்கிற்று. ஸும்பா ஆடுகிறவர்கள், வயலின் வகுப்புக்காரர், மாலை விருந்து வைப்பவர்கள், யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஒக்லாந்தில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நானூறு பேரைக் கூட்டி வைத்து ஒரு முடிச்சுப் போடுகிற வழக்கம் உள்ளவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

"இதைத் திருத்த எவ்வளவு நாள் எடுக்கும்?" என்று கேட்டார் செல்வரத்தினம்.

"நாளோ? ஒரு வரி மாமா."

"பின்ன ஏன் திருத்தேல்லை?"

"ஒரு வரி எண்டபடியாத்தான். ஒரு வரிக்கு ஒருத்தரும் கூட்டம் வைக்கமாட்டினம். எங்கட ஒஃபிசிலயும் இது இருக்கு. நாங்கள் அதுக்கு ஒரு நம்பர் குடுத்து வைச்சிருக்கிறம்."

வேறு ஒருவர் பெயரில் பிறந்தநாள் விழா என்று ஒன்பதாம் திகதிக்குப் பதிந்தால் எட்டாகிவிடும் என்று திலக்சன் ஒரு வழி சொன்னான். பொய் சொல்லி எடுத்த மண்டபத்தில் பிள்ளைக்குத் தாலி கட்டுவதா என்று ரதிதேவி அதை அங்கேயே முடித்துவிட்டார். வேறு மண்டபம் தேடலாம் என்றால், பிப்ரவரியில் ஒக்லாந்தில் மண்டபம் வேண்டுமென்றால் பிள்ளை பிறந்ததும் சொல்லி வைத்திருக்க வேண்டும். ஆகவே திலக்சன் அறக்கட்டளைக்குத் தொழில்மொழியில் ஒரு அறிக்கை எழுதினான். எந்த இடத்தில் பிழை, ஏன் பிழை, எந்த வரியை எப்படி மாற்றினால் சரிவரும் என்று அதில் இருந்தது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. பிழையை மீண்டும் உண்டாக்கிப் பார்த்தோம், உண்டாகவில்லை என்றார்கள். பரிசோதனைப் பதிவுகளை அவர்கள் எப்போதும் பிற்பகல் இரண்டு மணிக்கே போடுவார்கள். படிவத்தில் முன்கூட்டியே இருக்கும் நேரம் அதுதான், மாற்றுவதென்றால் இரண்டு தரம் அழுத்த வேண்டும். "பிழை இல்லை" என்று செல்வரத்தினத்தின் பதிவில் ஒரு குறிப்பும் எழுதிச் சேமித்திருந்தார்கள். மூன்று.

டிசம்பரில் விஷயம் நாள் மீள்தெரிவுக் குழுவுக்குப் போயிற்று. குழு மவுண்ட் வெல்லிங்டனில், பெரிய கடைத்தொகுதிக்குப் பின்னால் உள்ள கட்டடத்தில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட அறையில் கூடியது. தலைமை நிர்வாகி கிளெனிஸ் என்ற அம்மையார், வெள்ளை முடி, வெறுங்கால். ஹோல்மேட்டுக்குப் பொறுப்பு சந்தீப் என்ற இளைஞர். அவருடைய பதவியின் பெயர் எண்ணிம, அதாவது டிஜிட்டல், பயண வழித்துணைவர். இன்னும் ஐந்து அலுவலர்கள் இருந்தார்கள். எதிரே செல்வரத்தினமும் திலக்சனும். முதலில் எல்லோரும் தத்தம் மனநிலையை வானிலையாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். ஒருவர் இளவெயில் என்றார். ஒருவர் விட்டுவிட்டுத் தூறல் என்றார். செல்வரத்தினம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துவிட்டு மழை வரும்போல என்றார். அவருடைய நேர்மையை எல்லோரும் மெச்சினார்கள்.

பிறகு சந்தீப் பேசினார். "இந்தக் குறைபாட்டை நாங்கள் மிகவும் ஆழமாக எடுத்துக்கொள்கிறோம். கடந்த பதினெட்டு மாதத் தரவுகளைத் திரட்டினோம். காலை நேரத்துக்குப் பதிவு செய்த நூற்றிப் பதினான்கு வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட, பதிவான நாளில் மண்டபத்துக்கு வந்து, நாள் தவறு என்று சொன்னதில்லை."

"எத்தினை பேர் பதிவான நாளில வந்தவை?" என்று ஆங்கிலத்தில் கேட்டான் திலக்சன்.

"ஒருவரும் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், திருப்தி நூறு சதவீதம்."

கிளெனிஸ் இருகைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசினார். "நாள் என்பது ஒவ்வொரு பண்பாட்டிலும் ஒவ்வொரு விதமாக உணரப்படுகிறது. உங்கள் சமூகத்துக்கு ஞாயிறு முக்கியம் என்று அறிகிறேன். எங்கள் கணினிக்குச் சனி முக்கியம். இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது அறக்கட்டளையின் பணி அல்ல. இரண்டுக்கும் இடம் கொடுப்பதே எங்கள் பணி. ஆகவே உங்களுக்கு இன்னொருமுறை நாளைத் தெரிவு செய்யும் வாய்ப்பைத் தர முன்மொழிகிறேன். ஐந்து அலுவலர்களும் தங்கள் ஒப்புதலை ஒவ்வொரு குறிப்பாக எழுதிவிட்டால் போதும்."

தீயணைப்பு, ஓசை, சக்கர நாற்காலி வழி, மரங்கள், மனநலம் என்று ஐந்து துறை. ஐந்து குறிப்பு. திலக்சன் மேசைக்கு அடியில் விரல் மடக்கினான். நாங்கள் சேமிப்பது ஒன்று, அவர்கள் எழுதுவது ஐந்து, மொத்தம் ஆறு. எட்டுடன் ஆறு பதினாலு. மாமாவின் காதில் சொன்னான். செல்வரத்தினம் எழுந்து, தான் பிப்ரவரி பதினாலைத் தெரிவு செய்வதாக அறிவித்தார்.

அறை கரைந்துபோயிற்று. காதலர் தினம். ஓசை அலுவலர் கண்ணைத் துடைத்தார். கிளெனிஸ் வந்து செல்வரத்தினத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பண்பாட்டிலிருந்து நாங்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்றார். ஞாயிறு ஏன் சனியாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. செல்வரத்தினமும் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். ஐந்து குறிப்பும் எழுதிய பிறகு தயவுசெய்து யாரும் அந்தப் பதிவைத் திறக்க வேண்டாம். உதவி செய்யவும் திறக்க வேண்டாம். இதைக் கேட்டுச் சந்தீப்புக்குச் சற்று மனவருத்தம். உதவி வேண்டாம் என்று ஒரு வாடிக்கையாளர் எழுத்தில் தர, அறக்கட்டளையிடம் படிவம் இல்லை.

வீட்டில் கஜந்தினி இதை ஏற்கவில்லை. மருந்தகத்தில் வேலை செய்கிற பெண், அளவெல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும் அவளுக்கு. "அப்பா, நீங்க ராங் டேட் புக் பண்ணி, அவங்க மிஸ்டேக் பண்ணுவாங்க எண்டு வெயிட் பண்றீங்க. திஸ் இஸ் அவர் பிளான்?" என்றாள். ஓம் என்றார் அப்பா.

சேமித்ததும் பதிமூன்று. கிறிஸ்துமஸுக்கு முன் தீயணைப்பு எழுதினார், பன்னிரண்டு. ஓசை எழுதினார், பதினொன்று. அதற்குப் பிறகு நாடு பூட்டப்பட்டது. நியூசிலாந்தில் கிறிஸ்துமஸுக்குக் கடற்கரைக்குப் போனவர்கள் ஜனவரி நடுவில்தான் மணலை உதறிக்கொண்டு எழும்புவார்கள். சக்கர நாற்காலி வழி ஜனவரி இருபதில் பத்தாக்கினார். மரங்கள், மண்டபத்தில் மரமே இல்லை என்பதை உறுதி செய்துவிட்டு, ஒன்பதாக்கினார். மனநலம் விடுப்பில் இருந்தார். அவருக்கு மனநலம் சரியில்லை.

செல்வரத்தினம் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் தொலைபேசியைப் பார்த்தார். அந்த நாட்களில் மவுண்ட் ரோஸ்கில் வழியாகப் போன பஸ்கள் எதுவும் நேரத்துக்கு முந்தவில்லை, பிந்தியது உண்டு. ரதிதேவி மனநலத்துக்காகக் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்தார். அந்த அம்மாவின் நட்சத்திரம் தெரியாததால் பொதுவாகச் செய்யச் சொன்னார். பிப்ரவரி இரண்டாம் திகதி அவர் குணமாகி வந்து முதல் வேலையாகக் குறிப்பெழுதினார். "மகிழ்ச்சியான செய்தி! உங்கள் திருமணம் பிப்ரவரி எட்டு, ஞாயிற்றுக்கிழமை. நேரம் காலை ஏழு."

ரதிதேவி அந்த மின்னஞ்சலை அச்செடுத்துச் சாமிப்படத்தட்டில் வைத்துத் திருநீறு பூசினார். செல்வரத்தினம் மீனாட்சியை அழைத்து, இனி ஒரு எழுத்துக்கூட எழுத வேண்டாம் என்று கெஞ்சினார். "சார், உங்க பேர்ல ஃபைல் இருக்கறதையே மறந்துட்டேன் சார்" என்றார் மீனாட்சி. அந்த அலுவலகத்தில் அவருக்கு நடந்த முதல் உதவி அது.

செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. ரொறன்ரோப் பெரியப்பா வந்து இறங்கினார். வியாழன் பின்னேரம் கிளெனிஸ் தன் ஆண்டுக் கூட்ட உரைக்கு ஒரு வெற்றிக் கதை தேடினார்.

பல பண்பாடு, கண்ணீர், காதலர் தினம் எல்லாம் கலந்த ஒரு கதை அவருக்கு நினைவு வந்தது. பதிவைத் திறந்தார். ஐந்து துறையும் ஒப்புதல் தந்திருப்பதைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தார். தானும் ஒன்று எழுதினார். "நெஞ்சைத் தொடும் முடிவு. அனைவருக்கும் பாராட்டுகள்." சேமித்தார். தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

"மகிழ்ச்சியான செய்தி!" என்று மின்னஞ்சல் வந்தபோது மணி நாலு ஐம்பத்தைந்து. சனிக்கிழமை, பிப்ரவரி ஏழு. ஐந்து மணிக்கு அலுவலகம் பூட்டு. வெள்ளி பொது விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. தொலைபேசியில் பதிவு செய்த குரல், நீண்ட வார இறுதியை நன்றாக அனுபவியுங்கள் என்றது. மண்டபக் கதவுக்கு இலக்கப் பூட்டு. பதிவான நாளில், பதிவான நேரத்துக்குத்தான் அந்த இலக்கம் வேலை செய்யும். சனி காலை ஏழு முதல் பிற்பகல் இரண்டு.

ரதிதேவி ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார். சனிக்கிழமை நேரம் ஏதும் இருக்குமா என்று கேட்டார். மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா, நான் இரண்டு தரம் பாத்துத்தான் குடுத்தனான். ஞாயிறு ஒன்பது பத்து. மண்டபம் மாறினா எனக்கு ஒண்டுமில்லை. நாள் மாறாது."

கஜந்தினி சத்தமில்லாமல் எழுந்து அறைக்குப் போனாள். கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அதுதான் செல்வரத்தினத்துக்குத் தாங்கவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மின்னஞ்சலைத் தலைப்பிலிருந்து அடி வரைக்கும் வாசித்தார். முதல் பக்கத்துக்குக் கீழே ஒருவரும் இதுவரை போனதில்லை. இரண்டாம் பக்கத்தில், தீ விதிகளின் கீழ், ஒரு வரி இருந்தது.

"தம்பி, இதில போட்டிருக்கு, கதவு உள்பக்கத்தால எந்த நேரமும் திறக்குமாம். கோட் வெளியால இருந்து உள்ளுக்கு வாறதுக்கு மட்டும்தானாம்."

"ஓம் மாமா. ஃபயர் எண்டா ஆக்கள் வெளியில வர வேணுமே."

"அப்ப உள்ளுக்கு இருக்கிற ஆளை அது என்ன செய்யும்?"

திலக்சன் யோசித்தான். பெரியப்பாவும் யோசித்தார். "ஒண்டும் செய்யாது" என்றான் திலக்சன். "உள்ளுக்கு ஆள் இருக்கெண்டே அதுக்குத் தெரியாது."

சனி காலை ஏழு மணிக்கு இலக்கத்தை அழுத்தி இருபத்திமூன்று பேர் உள்ளே போனார்கள். பாய், தலையணை, மணவறைத் தூண்கள், பருப்பு, அரிசி, கூலர் பெட்டிகள், இரண்டு குழந்தைகள், பெரியப்பா இரவில் மாட்டிக்கொண்டு தூங்கும் மூச்சு யந்திரம். பிற்பகல் இரண்டு மணிக்கு ஹோல்மேட் தன் கடமையைச் செய்தது. திருமணம் முடிந்தது என்று பதிந்துகொண்டு விளக்குகளை அணைத்தது, மின்சாரத்தையே நிறுத்தியது, கதவைப் பூட்டியது. உள்ளே இருபத்திமூன்று பேரும் மணவறைக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தார்கள். யாராவது வெளியே போனால் இன்னொருவர் உள்ளே நின்று கதவைத் திறக்க வேண்டும் என்று முறை வைத்துக்கொண்டார்கள். மூச்சு யந்திரத்துக்கு மின்சாரம் இல்லாததால் பெரியப்பா மட்டும் இந்த முறையிலிருந்து விலகிச் செல்வரத்தினத்தின் வீட்டில் போய்ப் படுத்தார்.

ஞாயிறு காலை கதவை உள்ளிருந்து திறந்தார்கள். இரவு தரையில் படுத்த பாரிஸ் சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பன்னீர் தெளித்தார். நானூறு பேரும் அரையிருட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். ஒலிபெருக்கி இல்லை, வீடியோக்காரரின் விளக்கு இல்லை. கெட்டிமேளத்துக்கு வழி இல்லாதபடியால் திலக்சனின் தோழன் ஒருவன் தன் காரை வாசல்வரை பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்து, அதன் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் போட்டான். ஐயருக்கு ஒன்றும் குறைவில்லை. அவருடைய பஞ்சாங்கம் யன்னல் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. ஒன்பது இருபத்திரண்டுக்குத் தலையசைத்தார். கார் அதிர்ந்தது. கஜந்தினி குனிந்திருந்தாள், அவளுடைய தோள் குலுங்கியது சிரிப்பாலா அழுகையாலா என்று அந்த வெளிச்சத்தில் யாருக்கும் தெரியவில்லை. திலக்சன் முடிச்சுப் போட்டான்.

அட்சதை தூவிய கை இறங்குவதற்குள் செல்வரத்தினத்தின் இடுப்பில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். "உங்கள் நேற்றைய திருமணம் எப்படி அமைந்தது? ஐந்து நட்சத்திரங்களில் மதிப்பிடுங்கள். குறை ஏதும் இருப்பின் தயங்காமல் எழுதுங்கள். எங்கள் அலுவலர் ஒருவர் உடனே உங்கள் பதிவைத் திறந்து பார்ப்பார்."

நாலு மாதமாக அவர் மனதில் எழுதி வைத்திருந்தது நிறைய இருந்தது. பக்கத்தில் நின்ற ரதிதேவி எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, எல்லாம் திறம் எண்டு போடுங்கோ. திறந்து பாத்தினமெண்டா கலியாணம் வெள்ளிக்கிழமைக்குப் போயிடும்."

செல்வரத்தினம் சால்வையில் விரலைத் துடைத்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் படாமல், ஐந்தாவது நட்சத்திரத்தை அழுத்தினார்.